குடை அசையாத படம்

சின்னவருக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று என் ஓர்ப்படி போனில் சொன்னபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. சின்னவர் என்றால் என் கணவரின் தம்பி. பஸ் ஓட்டுகிறவர். ஆறடி உயரம், அதற்கேற்ற தொப்பை, சாப்பாட்டில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மனசு வராத ஆள். பேய் பிடிப்பதற்கு ஒரு லட்சணம் வேண்டாமா?

"சிரிக்காதீங்க அக்கா. நேத்து சிக்னல்ல பச்சை விழுந்தும் வண்டிய எடுக்கலையாம். பின்னாடி அத்தனை வண்டியும் ஹார்ன் அடிச்சிருக்கு. கண்டக்டர் வந்து தோளப் பிடிச்சு உலுக்கின பிறகுதான் எடுத்தாராம். டிப்போவுல லீவு குடுத்து வீட்டுக்கு அனுப்பிட்டாங்க."

"தூக்கம் கெட்டிருக்கும். நல்லாத் தூங்கச் சொல்லு."

"வீட்லயும் அப்படித்தான். குழாயத் திறந்து வச்சுட்டு அப்படியே நிக்கிறாரு. வாளி ரொம்பி வழியுது. கூப்பிட்டா திரும்ப மாட்டேங்கிறாரு. அப்புறம் அவராத்தான் மெதுவாத் திரும்புறாரு. அப்ப அந்த மூஞ்சிய என்னால பாக்க முடியல அக்கா."

டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போகச் சொல்லிவிட்டு போனை வைத்தேன். அதற்கு மேல் எனக்குப் பொறுமை இல்லை. புருஷனைப் பறிகொடுத்தவள் நான். அண்ணனைப் பறிகொடுத்தவருக்கு ஆறுதல் சொல்லும் வேலையும் எனக்கேவா என்று எரிச்சலாக இருந்தது. சின்னவர்மேல் எனக்கு வேறொரு வருத்தமும் உண்டு. காரியம் எல்லாம் முடிந்த பிறகு அவர் இந்த வீட்டுப் படி ஏறவே இல்லை.

என்னவர் கண்ணாடிக்கடை வைத்திருந்தார். மூக்குக்கண்ணாடி, லென்ஸ், கண் பரிசோதனை. வாரம் முழுக்க மனிதர்களின் கண்ணைப் பார்த்துவிட்டு, விடுமுறை நாளில் பூச்சிகளின் கண்ணைப் பார்க்கக் கேமராவோடு காட்டுக்குப் போய்விடுவார். எறும்பும் வண்டும்தான். பட்டாம்பூச்சியை எடுக்கச் சொன்னால் முகம் சுளிப்பார், அதை எடுக்கத்தான் ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்களே என்பார். தரையில் குப்புறப் படுத்து, கன்னம் மண்ணில் பட, எறும்பு போகிற உயரத்தில் கண்ணை வைத்துக்கொண்டு கிடப்பார். வழியில் போகிறவர்கள் யாரோ விழுந்து கிடக்கிறார் என்று ஓடிவந்து தூக்கிவிட்ட கதையெல்லாம் உண்டு.

அப்படிப்பட்ட மனுஷன் ஒரு நாள் விடிகாலையில் நிஜமாகவே விழுந்து கிடந்தார். காட்டில், பட்டுப்போன ஒரு மரத்துக்குப் பக்கத்தில். மாரடைப்பு. சின்னவர் கூடப் போயிருந்தார். "கேமராவ ஓட விட்டுட்டு, கார்ல இன்னொரு பேட்டரி இருக்கு, எடுத்துட்டு வான்னு அனுப்பினாரு அண்ணி. நான் போய்ட்டு வர்றதுக்குள்ள கீழ கெடந்தாரு" என்றார். ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "முதல் சில நிமிஷம்தாம்மா முக்கியம். பக்கத்துல யாராவது இருந்து உடனே நெஞ்சை அமுக்கி விட்டிருந்தா…" என்று தொடங்கி, என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

அந்த டாக்டர் பாதியில் விட்ட வாக்கியம்தான் என்னோடு வீட்டுக்கு வந்தது. அரிசி களையும்போது, துணி உதறும்போது, கடையின் ஷட்டரைத் திறக்கும்போது எல்லாம் கூடவே இருந்தது. தனியாகக் கிடந்தாரே, யாரையாவது கூப்பிட்டிருப்பாரோ, சத்தம் வந்திருக்குமோ, எவ்வளவு நேரம் கிடந்தாரோ. அவர் உடம்பைப் பார்க்க விட்டபோது சட்டைக் கைக்குள்ளிருந்து எறும்புகள் வெளியே வந்துகொண்டிருந்தன. ஆஸ்பத்திரி ஆள் தட்டிவிட்டார். ஒன்று மட்டும் என் கையில் ஏறிக்கொண்டது. அதை நசுக்க எனக்கு மனசு வரவில்லை, வாசல்வரை கொண்டுபோய்ச் சுவரில் இறக்கிவிட்டேன். அதற்குத் தெரிந்ததுகூட எனக்குத் தெரியவில்லையே என்று பொறாமையாக இருந்தது.

நிலைமை இப்படி இருக்கும்போதுதான் பதிப்பகத்து அம்மாள் போன் செய்தார். என்னவரின் படங்களோடு வரவிருந்த வண்டுப் புத்தகம் ஒன்று பாதியில் நின்றிருந்தது. கடைசிப் பக்கத்துக்கு ஒரு படம் மட்டும் பாக்கி. "அவசரம் இல்லை, முடிஞ்சா பாருங்க. இல்லைன்னா அந்தப் பக்கத்தை விட்டுடலாம்" என்று தணிந்த குரலில் சொன்னார். அவர் விட்டுவிடலாம் என்று சொன்னதுதான் என்னைச் சுட்டது. கேமராப் பை அலமாரியின் அடித்தட்டில் இருந்தது. சின்னவர் கொண்டுவந்து கொடுத்தபோது, "இதத் தெறக்காதீங்க அண்ணி, மனசு கஷ்டப்படும்" என்று சொல்லியிருந்தார். அன்று அது எனக்கு அக்கறையாகப் பட்டது.

இந்தத் தொழிலில் என் பங்கு என்ன என்று சொல்லிவிடுகிறேன். ஒரு வண்டை அவ்வளவு கிட்டத்தில் எடுக்கும்போது முழு வண்டும் ஒரே படத்தில் தெளிவாக விழாது. கண் தெளிந்தால் கால் மங்கும், கால் தெளிந்தால் முதுகு மங்கும். அதனால் கேமராவை ஒரு சின்ன இரும்புச் சட்டத்தில் பொருத்தி விடுவார். நாங்கள் அதைத் தண்டவாளம் என்போம். மோட்டார் கேமராவை மயிரிழை தூரம் நகர்த்தும், அதிர்வு அடங்கும்வரை காத்திருக்கும், ஒரு படம் எடுக்கும், மறுபடி நகர்த்தும். நூறு படத்துக்கு மேல் போகும். ஒவ்வொன்றிலும் தெளிவான துண்டை மட்டும் எடுத்து ஒரே வண்டாகச் சேர்ப்பது என் வேலை. அவர் வெட்டுகிற துணிக்கு நான் தையற்காரி.

வண்டு எப்படி அவ்வளவு நேரம் சும்மா இருக்கும் என்று கேட்பார்கள். விடிகாலைக் குளிரில் அது விறைத்துப்போய் உட்கார்ந்திருக்கும். வெயில் படும்வரை அசையாது. அதுவரை மனிதர்களும் அசையக் கூடாது என்பதுதான் அவருடைய சட்டம். தண்டவாளம் ஓடத் தொடங்கி, கேமராவின் சிவப்பு விளக்கு அணையும்வரை யாரும் கால் மாற்றி நிற்கக் கூடாது, பேசக் கூடாது, திரும்பக் கூடாது. காட்டுத் தரை முழுக்கச் சருகு. ஒருத்தர் குதிகாலை ஊன்றினால் போதும், வண்டு உட்கார்ந்திருக்கும் மரத்துண்டு லேசாக ஆடும். நான் சேர்க்கும்போது வண்டுக்கு ஏழாவது காலும் எட்டாவது காலும் வெளிறிப்போய் முளைத்திருக்கும். அதற்கு எங்கள் வீட்டில் பேய் என்று பெயர். "இன்னைக்கு எத்தனை பேய்?" என்று கேட்டுக்கொண்டேதான் சாப்பிட உட்காருவார்.

சின்னவருக்குக் குடை பிடிக்கும் வேலை. பெரிய வெள்ளைக் குடை. காற்றையும் தடுக்கும், வெளிச்சத்தையும் ஒரே சீராக வைக்கும். அது சாய்ந்தால் பாதிப் படங்கள் ஒரு வெளிச்சத்திலும் மீதிப் படங்கள் வேறு வெளிச்சத்திலும் போய், தலைகீழாக நின்றாலும் சேர்க்க முடியாது. குடை அசைந்த நாட்களில் அண்ணன் தம்பியைக் கிழித்துத் தோரணம் கட்டிவிடுவார். ஒரு தடவை சின்னவரின் பேன்ட்டுக்குள் எறும்பு ஏறிவிட்டது. விளக்கு அணையும்வரை ஆள் அப்படியே நின்றிருக்கிறார். அணைந்த பிறகு ஆடிய ஆட்டத்தை என்னவர் எங்கள் கூடத்தில் நடித்துக் காட்டி, எல்லாரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

காலை வேலைகளை முடித்துவிட்டு கேமராவிலிருந்த மெமரி அட்டையைக் கம்ப்யூட்டரில் செருகினேன். அந்தக் கடைசி ஓட்டம் முழுதாக இருந்தது. மரப்பட்டையின்மேல் ஒரு வண்டு. புளியங்கொட்டை அளவு, அதே பளபளப்பு, அதே மொழுமொழுவென்ற முதுகு. அதன் சரியான பெயர் அவருக்கும் தெரியாது, புளியங்கொட்டை என்றுதான் சொல்வார். பல வருஷமாக அதைத் தேடிக்கொண்டிருந்தார். கடைசியில் கிடைத்துவிட்டது.

கை தன் பாட்டுக்கு வேலை செய்தது. துண்டுகளைச் சேர்த்தேன். பளபளப்பான வண்டின் முதுகு ஒரு குட்டிக் கண்ணாடி. வானம், மரம், குடை, கேமரா, அதற்குப் பின்னால் குந்தியிருக்கும் மனுஷன் எல்லாம் கடுகளவில் அதில் விழும். அதையெல்லாம் துடைத்து எடுப்பதும் என் வேலைதான். துடைத்தேன். மத்தியானத்துக்குள் படம் தயாராகிவிட்டது. மூட்டுகளில் இருக்கும் மயிர்கூட ஒவ்வொன்றாகத் தெரிந்தது. ஒரு பேய்கூட இல்லை. இத்தனை வருஷத்தில் இவ்வளவு சுத்தமான படம் அமைந்ததே இல்லை.

அவர் இருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் குடை எனக்கு உறைத்தது.

சின்னவர் காருக்குப் போனார் என்றால் குடையைப் பிடித்தது யார்? குடையை நிறுத்தி வைக்க ஸ்டாண்ட் கிடையாது. என்னவர் வாங்கவே விடவில்லை, தம்பி இருக்கும்போது எதற்கு என்பார். நட்டு வைத்தாலும் காட்டுக் காற்றில் நிற்காது. முதல் படத்தையும் கடைசிப் படத்தையும் திறந்து மாற்றி மாற்றிப் பார்த்தேன். வண்டின் முதுகில் குடையின் வெள்ளைத் திட்டு இருந்த இடத்திலேயே இருந்தது. நடுவில் உள்ளவற்றையும் பார்த்தேன். ஓட்டம் தொடங்கியதிலிருந்து முடியும்வரை ஒருவர் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

கண்ணாடியில் தெரியும் முகம் கண்ணாடிக்கு உள்ளே இருப்பது போலத் தெரியும் அல்லவா? வண்டின் முதுகில் விழும் உருவமும் அப்படித்தான், முதுகுக்குச் சற்று உள்ளே இருக்கும். கேமரா அந்த ஆழத்துக்குப் போகும்போது எடுத்த சில படங்களில் மட்டும் அது தெளிவாகத் தெரியும். மற்றதில் வெறும் புகை. இத்தனை வருஷம் துடைத்துத் துடைத்து, எந்தப் படங்களில் தேட வேண்டும் என்பது எனக்கு அத்துப்படி. அவற்றைத் திறந்து, முதுகை மட்டும் திரை முழுக்கப் பெரிதாக்கினேன்.

குடைக்குக் கீழே உயரமாக ஒரு நிழல் நின்றது, தொப்பையோடு. அதற்குப் பின்னால் தாழ்வாக இன்னொரு நிழல் குந்தியிருந்தது. அடுத்த படத்தில் குந்தியிருந்த நிழல் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. அதற்கடுத்ததில் தரையோடு தரையாகக் கிடந்தது. நின்ற நிழல் திரும்பவில்லை. நான் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே போனேன். கிடந்த நிழலிலிருந்து மெல்லிசாக ஒன்று எழுந்தது. கை. அடுத்த படத்தில் அது நின்றவரின் காலைப் பார்த்து நீண்டிருந்தது. அடுத்ததில் கீழே இறங்கியிருந்தது. மறுபடி எழுந்தது, முன்பைவிடக் கொஞ்சம் தணிவாக. பிறகு எழவில்லை. அதற்குப் பிறகும் படங்கள் இருந்தன. எல்லாவற்றிலும் குடை இருந்த இடத்திலேயே இருந்தது.

முதலில் அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. என் வாழ்நாளில் அப்படி ஒரு கோபம் வந்ததில்லை. பக்கத்தில் நின்றிருக்கிறார். கை எட்டும் தூரத்தில் நின்றுகொண்டு, குடை பிடித்துக்கொண்டு, அண்ணன் சாவதற்குக் காவல் இருந்திருக்கிறார். அப்புறம் என்னிடம் வந்து பேட்டரிக் கதை சொல்லியிருக்கிறார். நான் அழுத அழுகையைத் தூணில் சாய்ந்துகொண்டு பார்த்துக்கொண்டும் இருந்திருக்கிறார். போனை எடுத்தேன்.

"தம்பி, உடனே கெளம்பி வாங்க."

"என்ன அண்ணி?"

"வந்தாச் சொல்றேன்."

அந்தக் கை நீண்டிருந்த படத்தைத் திரையில் பெரிதாக வைத்தேன். ஒரு வார்த்தை பேசக் கூடாது, நேராக இந்த நாற்காலியில் உட்கார வைக்க வேண்டும், பார் என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் என் திட்டம். அவர் அதைப் பார்க்கும்போது அவர் முகத்தை நான் பார்க்க வேண்டும். அது ஒன்றுதான் எனக்கு வேண்டியிருந்தது.

வந்தார். கேட்டுக்கு வெளியே நின்றார். கேட் திறந்துதான் இருந்தது, ஆனாலும் உள்ளே வரவில்லை. நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். தெருவில் காய்கறி வண்டிக்காரர் ஓரம் போகச் சொல்லி மணி அடித்தார், அவர் நகரவில்லை. முதுகுக்குப் பின்னால் எதையோ கேட்டுக்கொண்டு நிற்பவர் போல் தோள் இரண்டும் மேலே ஏறியிருந்தன. வண்டிக்காரர் முணுமுணுத்துக்கொண்டே சுற்றிப் போனார். ஓர்ப்படி சொன்னது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஆள் பாதியாகியிருந்தார். தொப்பை இருந்த இடத்தில் சட்டை தொளதொளவென்று தொங்கியது.

"உள்ள வாங்க" என்று குரல் கொடுத்தேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் வந்தார். கூடத்து மேஜையில் கேமராப் பை திறந்து கிடந்ததைப் பார்த்தார்.

"தெறந்துட்டீங்களா" என்றார்.

"தெறந்துட்டேன்."

அவர் உட்காரவில்லை. நானும் உட்காரச் சொல்லவில்லை. நான் ஒன்றும் கேட்பதற்கு முன்பே, ரொம்ப நாளாகத் தயாராக இருந்தவர் போலப் பேசத் தொடங்கினார்.

"நான் கார்ப் பக்கமே போகல அண்ணி. அங்கதான் நின்னேன். தண்டவாளம் ஓடிட்டு இருந்துச்சு. பின்னாடி சருகு சத்தம் கேட்டுச்சு. அண்ணன் படுக்கிறாரு, எறும்பு எதையோ பாத்துட்டாருன்னு நெனச்சேன். எப்பவும் படுப்பாரே. அப்பறம் மறுபடி சருகு சரசரன்னுச்சு. அசையக் கூடாதுன்னு நமக்குச் சொல்லிட்டு இவரே அசையறாரே, விளக்கு அணையட்டும், கேட்டுக்கலாம்னு மனசுக்குள்ள சிரிச்சுக்கிட்டேன். சிரிச்சேன் அண்ணி."

"திரும்பிப் பாத்திருக்கலாமே."

"திரும்பினா குடை சாயும்."

அதை அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். இந்த வீட்டில் யாரைக் கேட்டாலும் அதையேதான் சொல்லியிருப்போம். வேறு யார் வீட்டிலாவது இந்தப் பதிலைக் கேட்டால் பைத்தியம் என்பார்கள். எனக்கு மட்டும் அது பதிலாகப் பட்டது, அதுதான் கொடுமை.

"புளியங்கொட்டை கெடைச்சிருச்சுடான்னு அன்னைக்கு அவ்வளவு சந்தோஷம் அவருக்கு. இன்னைக்கு ஒரு பேய் வந்தாலும் உன்னை வீட்டுக்குள்ள சேக்க மாட்டேன்னு சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாரு. நானும் மூச்சக்கூட அடக்கிட்டு நின்னேன். விளக்கு அணைஞ்சுது. குடைய மடக்கிட்டு, என்ன அண்ணே, இன்னைக்கு நீங்கதான் அசைஞ்சீங்கன்னு சொல்லிட்டே திரும்பினேன்."

சுவரைப் பிடித்துக்கொண்டார். நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். கொடுக்கும்போதும் கோபமாகத்தான் கொடுத்தேன்.

"ஆஸ்பத்திரியில டாக்டர் என்கிட்டதான் மொதல்ல சொன்னாரு, பக்கத்துல ஆள் இருந்திருந்தான்னு. அதக் கேட்ட பிறகு உங்ககிட்ட எப்படிச் சொல்வேன் அண்ணி? பேட்டரின்னு வாயில வந்துருச்சு. அதுலேருந்து அந்தச் சத்தம் போக மாட்டேங்குது. பஸ்ல உக்காந்திருக்கேன், பின்னாடி அத்தனை பேர் பேசிட்டு வர்றாங்க, அதுக்கு நடுவுல சருகு சரசரங்குது. சிக்னல்ல செவப்பு அணையுதுல்ல, அணைஞ்சா நான் திரும்பிப் பாக்கணும். திரும்பினா அங்க கெடப்பாரு. அணையாம இருக்கக்கூடாதான்னு கும்பிட்டுட்டு உக்காந்திருக்கேன்."

பக்கத்து அறையின் கதவு பாதி திறந்திருந்தது. நான் நின்ற இடத்திலிருந்து திரையின் ஒரு ஓரம் தெரிந்தது. அவர் நின்ற இடத்திலிருந்து தெரியாது. இரண்டு எட்டு வைத்தால் தெரியும்.

"ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க அண்ணி" என்றார். "வண்டு முதுகுல எல்லாம் தெரியும்னு எனக்குத் தெரியும். நீங்க பாத்திருப்பீங்க. விழுந்த உடனே போயிட்டாரா? இல்ல, அந்த ரெண்டாவது சத்தம்… அசைஞ்சாரா? என்னைக் கூப்பிட்டாரா?"

பதில் என் நாக்கு நுனியில் இருந்தது. மத்தியானத்திலிருந்து அதைத்தானே கூர் தீட்டிக்கொண்டிருந்தேன். அசைந்தார், கையை நீட்டினார், உன் காலைத்தான் பிடிக்கப் பார்த்தார். சொல்லியிருந்தால் எனக்குப் பாதிச் சுமை இறங்கியிருக்கும். அந்தக் கையை நான் மட்டும் சுமக்க வேண்டியிருக்காது. அவர் முகத்தைப் பார்த்தேன். அந்த முகத்தில் என்னவரின் மூக்கு இருந்தது, அதை நான் அதுவரை கவனித்ததே இல்லை.

"இல்ல" என்றேன்.

அவர் நம்பவில்லை. பொய் சொல்கிறவர்களுக்குப் பாதியில் நிறுத்தத் தெரியாது, நானும் நிறுத்தவில்லை.

"ஒரு படத்துல உக்காந்திருக்காரு. அடுத்ததுல கீழ கெடக்காரு. அதுக்கப்புறம் எல்லாத்துலயும் ஒரே மாதிரிதான். வெரல்கூட நகரல. நீங்க கேட்ட ரெண்டாவது சத்தம் காத்துல சருகு ஓடினதா இருக்கும். நீங்க திரும்பியிருந்தாலும் ஒண்ணும் ஆகியிருக்காது தம்பி."

"நெசமாவா அண்ணி?"

"நான் என்னைக்கு உங்ககிட்ட இனிக்க இனிக்கப் பேசியிருக்கேன், இன்னைக்கு உங்களுக்காகப் பொய் சொல்றதுக்கு? கொன்னு போடணும்னுதான் உங்களை வரச் சொன்னேன். பேட்டரின்னு சொன்னீங்களே, அதுக்கு."

இது வேலை செய்தது. என் திட்டு அவருக்குப் பழக்கமான குரல். இறங்காமல் இருந்த தோள் இரண்டும் மெதுவாக இறங்கின. கன்னத்தில் வழிந்ததைத் துடைத்துக்கொள்ளக்கூடத் தோன்றாமல் நின்றார். பிறகு அந்த அறையைப் பார்த்தார்.

"நான் ஒரு தடவை பாக்கட்டுமா?"

"பாக்கலாம். மொதல்ல தண்ணியக் குடிச்சிட்டு உக்காருங்க. அங்க எல்லாம் போட்டது போட்டபடி கெடக்கு, சரி பண்ணிட்டுக் கூப்பிடறேன்."

உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். திரையில் அந்தக் கை நீண்டிருந்தது. இவ்வளவு பெரிதாக்கிப் பார்த்தால் அது சாம்பல் நிறத்தில் நாலைந்து புள்ளிகள்தான். வேறு யாருக்குக் காட்டினாலும் குச்சி என்பார்கள். ஆனால் சின்னவர் அந்த வண்டுகளோடு வளர்ந்தவர். அவருக்கு ஒரு நொடி போதும். இன்றைக்கு ஏமாற்றி அனுப்பினாலும் என்றைக்காவது ஒரு நாள் வந்து கேட்பார். நான் இல்லாத நாளில் வந்துகூடத் தேடுவார்.

என்னவர் உயிரோடு இருந்த கடைசி நிமிஷங்கள் உலகத்தில் அந்த ஒரு இடத்தில் மட்டும்தான் இருந்தன. திரையின்மேல் விரலை வைத்து அந்தப் புள்ளிகளைத் தொட்டேன். கண்ணாடி சூடாக இருந்தது. பிறகு எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து அழித்தேன். குப்பைத்தொட்டியையும் காலி செய்தேன். அட்டையைக் கேமராவில் போட்டு அதையும் துடைத்தேன். நிச்சயமா என்று இரண்டு தடவை கேட்டது. இரண்டு தடவையும் ஆமாம் என்றேன்.

சேர்த்து முடித்த படத்தை மட்டும் திறந்து வைத்துவிட்டு அவரைக் கூப்பிட்டேன். தனித்தனிப் படங்களை வழக்கம்போல அழித்துவிட்டேன், இடத்தை அடைக்கிறது என்றேன். தலையாட்டினார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து அந்த வண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கண், கொம்பு, ஒவ்வொரு காலாக எண்ணுவது போல அவர் பார்வை போனது.

"ஒரு பேய்கூட இல்லையே அண்ணி" என்றார்.

"இல்ல. நீங்க அசையவே இல்ல."

அவர் முகத்தில் வந்தது சிரிப்பா அழுகையா என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை. அண்ணன் பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார் என்றார். ஆமாம் என்றேன். இருந்ததைப் போட்டுக் கொடுத்தேன், சாப்பிட்டார். இன்னும் கொஞ்சம் என்று தட்டை நீட்டியபோது எனக்கு எழுந்து போய்விடலாம் போலிருந்தது. ஆனாலும் போட்டேன். சாப்பிட்டுவிட்டுக் கூடத்து சோபாவில் சாய்ந்தவர் அப்படியே தூங்கிவிட்டார். வாய் லேசாகத் திறந்திருந்தது, குறட்டை வந்தது. ஓர்ப்படிக்குப் போன் செய்தேன்.

"இங்கதான் தூங்கறாரு. எழுப்ப வேணாம், தானா எழுந்து வரட்டும்."

"தூங்கறாரா? எங்க வீட்ல இத்தனை நாளாக் கண்ணே மூடலையே. என்னக்கா பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணல. பேசினோம்."

பதிப்பகத்துக்குப் படத்தை அனுப்பிவிட்டு வந்து அவருக்கு எதிரே உட்கார்ந்தேன். என்னவர் தனியாகச் சாகவில்லை என்று எனக்கு இப்போது தெரியும். இத்தனை நாள் நான் வேண்டிக்கொண்டது அதைத்தான். சோபாவுக்கு வெளியே சின்னவரின் கால் நீட்டிக்கொண்டிருந்தது. நான் நாற்காலியிலிருந்து கையை நீட்டிப் பார்த்தேன், எட்டவில்லை. என்னவர் கூப்பிட்டார் என்பதை இனி நான் யாரிடமும் சொல்ல முடியாது.